இறக்கையின் நீளம் 43 மீட்டர்

1976 அக்டோபரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில், ஹார்லிங்கன் என்ற ஊரில் ஒரு விமான விழா. பழைய போர் விமானங்களைத் தேடிப்பிடித்துப் பழுதுபார்த்துப் பறக்கவிடும் ஆர்வலர் சங்கம் ஒன்று நடத்தியது. அந்த ஆண்டு பி-29 விமானம் ஒன்றை ஓட்டிக்கொண்டு வந்தவர் பால் டிபெட்ஸ். 1945 ஆகஸ்ட் 6 அன்று ஹிரோஷிமாமீது அணுகுண்டு போட்ட விமானத்தை ஓட்டியவரும் அவர்தான். விமானம் கூட்டத்தைக் கடந்து போனது. தரையில் வெடிமருந்து வைத்துக் காளான் வடிவத்தில் புகை கிளப்பிக் காட்டினார்கள். ஜப்பான் கண்டித்தது. அமெரிக்க அரசு வருத்தம் தெரிவித்தது.

அதை அநாகரிகம் என்று சொல்லப் பகுத்தறிவு தேவையில்லை, கொஞ்சம் கூச்சம் இருந்தால் போதும். என்னை அதைவிட உறுத்துவது நாகரிகமாக நடந்த இன்னொரு விழா.

ரைட் சகோதரர்கள் முதலில் பறந்தது 1903 டிசம்பர் 17. அதன் நூற்றாண்டை ஒட்டி, வாஷிங்டனுக்கு அருகே டல்லஸ் விமான நிலையத்தை அடுத்து, ஸ்மித்சோனியன் நிறுவனம் தன் விமான அருங்காட்சியகத்துக்கு ஒரு பிரமாண்டமான கிளையைத் திறந்தது. 2003 டிசம்பர் 15. (நமக்குப் பத்து விரல் இருப்பதால் ஐம்பதும் நூறும் புனிதமாகிவிட்டன. எட்டு விரல் இருந்திருந்தால் வேறு ஆண்டுகளில் கொடியேற்றியிருப்போம்.) கன்கார்ட் இருந்தது, எண்டர்பிரைஸ் விண்வெளி ஓடம் இருந்தது. நடுவே, தரையிலிருந்து உயர்த்தி நிறுத்தப்பட்ட, கண்ணாடிபோலத் துலக்கிய வெள்ளி உடம்போடு எனோலா கே நின்றது. டிபெட்ஸ் தன் தாயின் பெயரைச் சூட்டிய, ஹிரோஷிமாவுக்குப் போய்வந்த அதே விமானம். அதைச் சீராக்கும் வேலை 1984இல் தொடங்கியது. சுமார் 3 லட்சம் மணி நேர உழைப்பு என்கிறார்கள்.

எதிரே ஒரு விவரப் பலகை. இரண்டாம் உலகப் போரின் மிக நவீனமான உந்துவிசிறிக் குண்டுவீச்சு விமானம், காற்றழுத்தம் காக்கும் அறைகள் கொண்ட முதல் குண்டுவீச்சு விமானம், இறக்கை 43 மீட்டர், இவ்வளவு எடை, இவ்வளவு வேகம். ஹிரோஷிமாமீது முதல் அணுகுண்டை வீசியது என்பதும் உண்டு. அந்தக் குண்டு எத்தனை பேரைக் கொன்றது என்பது இல்லை. அறிஞர்களும், குண்டுக்குத் தப்பிய ஜப்பானிய முதியவர்களும் கேட்டார்கள். அருங்காட்சியகத்தின் பதில் இப்படிப் போனது: சாவுக் கணக்கைப் போடுவதென்றால் அந்தப் போரின் எல்லாச் சாவுகளையும் சேர்த்துப் போட வேண்டும், அது நடைமுறைக்கு ஒத்துவராது.

3 லட்சம் மணி நேரம் துலக்குவது நடைமுறைக்கு ஒத்துவந்தது. ஒரு வரி எழுதுவது ஒத்துவரவில்லை.

இன்னொரு வாதமும் உண்டு: சாவு எண்ணிக்கை துல்லியமாகத் தெரியாது, இறக்கை நீளம் தெரியும், தெரிந்ததைப் போடுகிறோம். கேட்க அறிவியல்போல இருக்கிறது. 1945 முடிவதற்குள் சுமார் 1,40,000 பேர் என்பது ஹிரோஷிமா நகரத்தின் மதிப்பீடு. பத்தாயிரம் கூடலாம், குறையலாம். ஏன் துல்லியமில்லை? எண்ண வேண்டிய அலுவலகமும் ஏடுகளும், குடும்பம் குடும்பமாக அடையாளம் சொல்ல வேண்டியவர்களும் சேர்ந்தே எரிந்துபோனதால். அழித்தவனுக்கு அழிவின் முழுமையே சாட்சியின்மை ஆகிவிடுமானால், அது எந்தத் தர்க்கம்? பிழை எல்லையோடு தோராய எண்ணைச் சொல்வதுதான் அறிவியலின் அன்றாடப் பழக்கம். வெற்றிடம் விடுவது அறிவியல் அல்ல.

இத்தனைக்கும் எண்களே வேண்டாம் என்றவர்கள் அல்லர் அமெரிக்கத் தரப்பினர். 1995இல், ஐம்பதாம் ஆண்டுக்கு, இதே விமானத்தை மையமாக வைத்து அணுகுண்டின் முழுக் கதையையும் சொல்ல அருங்காட்சியகத்தின் அன்றைய இயக்குநர் மார்ட்டின் ஹார்விட் ஒரு கண்காட்சி திட்டமிட்டார். எரிந்துபோன சோறும் பட்டாணியும் கரியாக ஒட்டிக்கிடந்த ஒரு பள்ளிச் சிறுமியின் சாப்பாட்டு டப்பாவும் ஹிரோஷிமாவிலிருந்து வருவதாக இருந்தது. படைவீரர் சங்கங்கள் கொதித்தன. அவர்கள் கோபத்தில் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். முதல் வரைவில் ஜப்பானின் போரைத் தற்காப்புபோலக் காட்டும் ஒரு வாக்கியம் இருந்தது, அது மோசமான வாக்கியம். ஆனால் பெரிய சண்டை வேறு எண்ணைப் பற்றியது: குண்டு போடாமல் ஜப்பான்மீது படையெடுத்திருந்தால் எத்தனை அமெரிக்கர் செத்திருப்பார்கள்? அந்த எண் குறைகிறது என்று கண்டதும் சங்கங்கள் கதவைச் சாத்தின. 1994 செப்டம்பரிலேயே செனட் கண்டனத் தீர்மானம் போட்டிருந்தது. 1995 ஜனவரியில் கண்காட்சி ரத்து, மே மாதம் ஹார்விட் ராஜினாமா, ஜூனில் விமானத்தின் முன்பகுதி உள்ளிட்ட சில பாகங்கள் மட்டும் காட்சிக்கு வந்தன. நடக்காத சாவுகளுக்கு அவ்வளவு கவனமான கணக்கு. நடந்த சாவுகளுக்குப் பலகையில் இடமில்லை.

இங்கே நம் பகுத்தறிவு நண்பர்களைக் கொஞ்சம் சீண்ட வேண்டியிருக்கிறது. ஆயுத பூஜையன்று லேத் மிஷினுக்குச் சந்தனம் பூசுகிறவரைப் பார்த்துச் சிரிப்போம். ஆனால் குதிரைத்திறனும் வேகமும் எழுதிய பலகையின் முன் நின்றால் நமக்கும் கை கூப்பத்தான் வருகிறது. குங்குமத்துக்குப் பதில் புள்ளிவிவரம், அவ்வளவுதான். கருவிக்கு ஏது பாவம் என்கிறோம். சரி. கருவிக்குப் பாவமில்லை என்றால் பெருமையும் இல்லை. பெருமையை மட்டும் எழுதி வைத்தால் அது அருங்காட்சியகமாகாது, சன்னிதி. திறந்த அன்று அந்த விமானத்தின்மீது சிவப்புச் சாய பாட்டிலை வீசியவர்களையும் நான் மெச்சவில்லை. தகடு நெளிந்தது, கைது நடந்தது. அதுவும் ஒரு பூசைதான், எதிர்ப்பூசை.

இதுவரை அமெரிக்காவுக்கு விழுந்த அடிகளுக்குத் தலையாட்டியவர்கள் டோக்கியோவுக்கும் வர வேண்டும். யாசுகுனி கோயில் வளாகத்தில் யூஷூகான் என்ற போர் அருங்காட்சியகம். நுழைவுக் கூடத்தில் பளபளக்கும் ஒரு ஜீரோ போர் விமானம். அதே கூடத்தில் ஒரு நீராவி இன்ஜின், எண் சி56 31. சயாம்-பர்மா ரயில் பாதையின் 1943 திறப்பு விழாவில் ஓடியது. பாதை போட்ட படைப்பிரிவுகளின் முன்னாள் வீரர்கள் 1979இல் தாய்லாந்திலிருந்து கொண்டுவந்து காணிக்கையாக்கினார்கள். நம்மவர்கள் சயாம் மரண ரயில் என்று சொல்வது இதைத்தான். மலாயாத் தோட்டங்களிலிருந்து கூட்டிக்கொண்டு போகப்பட்ட தமிழர்கள் காலராவிலும் பசியிலும் பல்லாயிரக்கணக்கில் செத்தது அந்தப் பாதையில். அந்த இன்ஜினைக் காணிக்கையாக்கியவர்களுக்கு அது வெற்றிச் சின்னம். ஹிரோஷிமாவிலேயே கூட, குண்டில் செத்த கொரியர்களுக்கு, அவர்களில் பலர் கட்டாய வேலைக்குக் கொண்டுவரப்பட்டவர்கள், 1970இல் எழுப்பிய நினைவுக்கல் அமைதிப் பூங்காவுக்கு வெளியேதான் நின்றது. உள்ளே இடம் கிடைத்தது 1999இல்.

ஆக, யார் செத்தவர் என்பதைப் பொறுத்து எண்ணத் தெரிகிறது அல்லது மறந்துபோகிறது. எல்லாரையும் எண்ண வேண்டியிருக்குமே என்று அருங்காட்சியகம் சொன்னதை நான் மறுக்கவில்லை. அதையே செய்யுங்கள் என்கிறேன். எனோலா கேயின் இறக்கை நிழலில் ஜப்பானிய விமானங்களும் நிற்கின்றன. அவற்றில் ஓக்கா என்பது ஓட்டுகிறவன் உயிரோடு திரும்ப வழியே வைக்காமல் கட்டப்பட்டது. அதற்கும் எழுதுங்கள். யூஷூகான் இன்ஜினுக்கும் எழுதட்டும்.

2045இல் ஹிரோஷிமாவுக்கு நூறாகும். பலகைகள் நிச்சயம் புதுப்பிக்கப்படும். ஒரு வரிக்கு இடம் போதாது என்பதுதான் தடை என்றால் இறக்கை நீளத்தை எடுத்துவிடலாம். விமானம் எதிரிலேயே நிற்கிறது, வேண்டியவர்கள் அளந்துகொள்ளட்டும்.