கதவின் தாழ்ப்பாள்

துப்பறியும் நாவலை வீண் பொழுதுபோக்கென இகழ்வார் உளர். நாம் இகழோம். ஆரணி குப்புசாமி முதலியார், வடுவூர் துரைசாமி ஐயங்கார் முதலியோரின் மர்மக் கதைகளுக்காக உறக்கத்தைத் துறந்த தமிழர் பலர். அக்கதைகளில் வாசகர் தேடுவது, ‘குற்றவாளி யார்?’ என்னும் ஒரு வினாவுக்கு விடை. விடை கிடைத்ததும் நூலுக்கும் நமக்கும் உள்ள உறவு தீர்ந்தது. ஆனால், குற்றவாளி யாரென்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிட்டு, அவன் மனத்தின் இருளை மட்டும் மெல்ல மெல்லத் துலக்கிச் செல்லும் நாவல்களும் உண்டு. புதிர் அவிழ்ந்த பின்னும் அவை நம்மைப் பிடித்து நிறுத்துவதேன்? கொலைஞனோடு அத்துணை நெடுநேரம் உடனிருத்தல் நமக்கு நன்றா, தீதா?

1866-ஆம் ஆண்டில் ருஷ்யப் பத்திரிகை ஒன்றில் தொடராக வந்த ‘குற்றமும் தண்டனையும்’ என்னும் நாவலை எடுத்துக்கொள்வோம். ஆசிரியர் தாஸ்தாயெவ்ஸ்கி 1849-இல் மரண தண்டனை விதிக்கப்பெற்று, சுடப்படும் தறுவாயில் உயிர் தப்பி, சைபீரியாவில் நான்காண்டு சிறையிருந்தவர். குற்றவாளிகளை ஏட்டறிவால் அறிந்தவரல்லர். ஆறு பாகமும் ஒரு முடிவுரையும் கொண்ட இந்நூலில், முதற்பாகம் முடியுமுன்னரே கொலை நடந்துவிடுகிறது. வறிய மாணவனான ரஸ்கோல்னிகவ், அடகு பிடிக்கும் கிழவி ஒருத்தியைக் கோடரியால் கொல்கிறான். எதிர்பாராது உள்ளே வந்த அவள் தங்கை லிஸவேத்தாவையும், ஒருவருக்கும் தீங்கெண்ணாத அந்த ஏழையையும், கொல்கிறான். அந்நேரம் வாயிலில் மணி அடிக்கிறது.

வந்தவர் இருவர் கதவை இழுத்துப் பார்க்கின்றனர். உட்புறம் தாழிட்டிருப்பதைக் கண்டு ஐயுறுகின்றனர். உள்ளே அவன் கோடரியோடு நிற்கிறான். இவ்விடத்தைப் படித்த நேயர்கள் தம் நெஞ்சைத் தொட்டுச் சொல்லட்டும்: தாழ்ப்பாள் பெயர்ந்து அவன் அகப்பட வேண்டுமென்றா விரும்பினோம்? இல்லை. அது பெயரக்கூடாதே என்றல்லவா மூச்சை அடக்கிக்கொண்டிருந்தோம்! ஒருவன் காவலாளனைத் தேடிச் செல்ல, மற்றவனும் பொறுமையிழந்து கீழிறங்க, இவன் நழுவித் தப்பியதும் நமக்கும் ஓர் ஆறுதல். இரத்தத்தில் கிடந்த லிஸவேத்தாவை நாம் மறந்தேபோனோம்.

விரைந்தோடும் கதையாயின் இவ்வெட்கம் தோன்ற நேரமிராது. இதிலோ இன்னும் ஐந்து பாகங்கள் இருக்கின்றன. விசாரணை அதிகாரி போர்ஃபீரியிடம் உறுதியான சாட்சியம் எதுவுமில்லை. அவர் பேசுகிறார், சிரிக்கிறார், காத்திருக்கிறார். செய்யாத கொலையைத் தான் செய்ததாகச் சாயம் பூசும் தொழிலாளி ஒருவன் ஒப்புக்கொண்ட பின்பும் அவர் ஏமாறவில்லை. இறுதியில் ரஸ்கோல்னிகவின் அறைக்கே சென்று, கொலைஞன் அவன்தான் எனக் கூறிவிட்டு, தானாக வந்து ஒப்புக்கொள்ள ஓரிரு நாள் அவகாசமும் தருகிறார். தோட்ட லயத்தில் ஒரு வளையல் காணாமற் போனால் பொழுது சாயுமுன் கள்ளனைத் தீர்மானித்துவிடும் நமக்கு இப்பொறுமை விந்தையாகத் தோன்றும். (பட்டணத்தார் நகைக்க வேண்டா, அங்கே பொழுது சாயும் வரைகூடக் காத்திருப்பாரில்லை.)

அவரோடு நாமும் காத்திருக்கிறோம். அவன் தப்பவேண்டுமென்ற ஆசை, எந்தப் பக்கத்திலென்று அறியாமலே, அவன் வாய்திறந்து சொல்லிவிட வேண்டுமென்ற ஆசையாக மாறிவிடுகிறது. அவன்மீது கொண்ட இரக்கமோ குறையவில்லை. கொலைஞனுக்கு இரங்குவோர் கொலையைப் பொறுப்பர் என்பாரின் கூற்றை இதனாலேயே நாம் ஏற்கோம். இரக்கம் இருந்ததனாலன்றோ அவன் வாய்மொழியை வேண்டி நின்றோம்!

லிஸவேத்தாவை மறந்தவர் நாம் மாத்திரமல்ல. அவளைத் தான் நினைப்பதே அரிதாயிருக்கிறதே என்று ஓரிடத்தில் அவனே வியக்கிறான். பின்னர் ஒருநாள், ஸோனியா என்னும் பெண்ணின் அறையில் பழைய புதிய ஏற்பாட்டு நூலொன்று அவன் கண்ணிற் படுகிறது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்கிறான். லிஸவேத்தா கொண்டுவந்து கொடுத்தாள் என்கிறாள் அவள்.