கேஜ் முள் எதற்குச் சான்று?

1960களின் இறுதியில் வந்த ஓர் அமெரிக்கக் காரின் ஏசியில் கேஸ் போதுமான அளவு இருக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அந்தக் கேஸான ஆர்-12 நிறமற்றது, குழாய்க்குள் அடைபட்டுக் கிடப்பது. மெக்கானிக் நீலமும் சிவப்புமான இரட்டைக் கேஜை மாட்டி, முள் காட்டும் அழுத்தத்தைக் கொண்டு உள்ளிருப்பதை ஊகிக்கிறார். கண்டதைக் கொண்டு காணாததை அறியும் இந்த வழியைத் தருக்க நூல்கள் அனுமானம் என்கின்றன. அது எப்போது செல்லும், எப்போது செல்லாது என்பது பழைய வழக்கு. அதை விசாரிக்க இந்தக் கேஜ் நல்ல இடம்.

இன்ஜின் ஓடாமல், வண்டி முழுவதும் ஒரே வெப்பநிலைக்கு வந்திருந்தால் இரண்டு முள்ளும் ஒரே எண்ணில் நிற்கும். ஆர்-12க்கு அது 21 டிகிரி செல்சியஸில் சுமார் 70 பிஎஸ்ஐ, 30 டிகிரியில் சுமார் 93. இதைப் பார்த்துக் கேஸ் நிறைய இருக்கிறது என்று முடிவுகட்டுவது இயல்பு, ஆனால் தவறு. உள்ளே திரவமும் ஆவியும் சேர்ந்திருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலைதான். ஒன்றரை கிலோ இருந்தாலும், பெரும்பகுதி கசிந்து சிறிது திரவமே எஞ்சியிருந்தாலும், முள் அசையாது. மணிமேகலைக் காப்பியத்தில் அறவண அடிகள் மணிமேகலைக்கு உரைக்கும் ஏதுப்போலிகளுள், அதாவது சான்றுபோல் தோன்றும் பிழையான காரணங்களுள், அநைகாந்திகம் என்பது இத்தகையது: நிறுவ வேண்டியது உள்ள இடத்திலும் இல்லாத இடத்திலும் அந்த ஏது காணப்படும். கேஜ் சரியாகவே காட்டுகிறது. அந்த எண்ணை ஏதுவாக்கியதில்தான் பிழை.

அதே எண் வேறொன்றுக்கு உறுதியான சான்றாகிறது. வெப்பநிலைக்கு உரியதைவிட அழுத்தம் கூடியிருந்தால் உள்ளே காற்று கலந்திருக்கிறது. குறைந்திருந்தால் திரவம் முற்றிலும் தீர்ந்துவிட்டது. எதை நிறுவப் போகிறோம் என்று சொல்லாமல் எதையும் சான்று என்று அழைக்க முடியாது.

இன்ஜினை 1500 ஆர்பிஎம்மில் ஓடவிட்டால் சிக்கல் கூடுகிறது. தாழ்ந்த அழுத்தத்தைக் காட்டும் நீலப் பக்கம் 30 பிஎஸ்ஐ அளவில் இருப்பது நல்லது. அந்த அழுத்தத்தில் ஆர்-12 ஏறத்தாழ 0 டிகிரியில் கொதிக்கும். இரண்டு பக்கமும் தாழ்ந்தால் கேஸ் குறைவு என்பார்கள். எக்ஸ்பான்ஷன் வால்வ் அடைத்தாலும் அப்படி ஆகலாம். இரண்டும் ஏறினால் கேஸ் அதிகம், அல்லது காற்றுக் கலப்பு, அல்லது கண்டென்சருக்குக் காற்றோட்டம் போதவில்லை. தருக்க நூல்களின் எடுத்துக்காட்டில், நெருப்பிருந்தும் ஈர விறகு இல்லாவிட்டால் புகை எழாது. இப்படி மறைந்து நிற்கும் நிபந்தனையை நியாய நூலார் உபாதி என்றார்கள். கிரில் முன்னே பெரிய ஃபேனை வைத்துவிட்டு அளப்பது ஓர் உபாதியை நீக்கும் வேலை.

எல்லா உபாதிகளையும் யாரால் நீக்க முடியும் என்பது அனுமானத்தை ஏற்காத உலகாயதரின் ஆட்சேபம். அது எளிதில் தள்ளத்தக்கதல்ல. பத்தாம் நூற்றாண்டின் உதயனர் நியாய குசுமாஞ்சலியில் இதை எதிர்கொண்டார்: ஐயம், ஐயப்படுபவரின் சொந்தச் செயலோடு முரண்படும் இடத்தில் நின்றுவிடும். ஆர்-12 திரவம் வெளியே வந்தால் மைனஸ் 30 டிகிரியில் கொதித்துக் கண்ணை உறையவைக்கும். அனுமானத்தையே ஏற்காதவரும் குழாயைக் கழற்றுமுன் கண்ணாடி அணிவார். அந்தச் செயல் அவர் ஐயத்துக்கு எல்லை கட்டுகிறது. இந்த விடை வலுவானது. ஆனால் அது அனுமானத்தைப் பொதுவாகக் காக்கிறதே தவிர, நீலப் பக்கத்து எண் ஏன் தாழ்ந்தது என்று சொல்லாது.

நேர்க்காட்சியும் முழுமையாக உதவாது. டிரையரின் பார்வைக் கண்ணாடியில் குமிழி ஓடினால் கேஸ் குறைவாக இருக்கலாம். குமிழி இல்லாமல் தெளிந்திருந்தால் நிறைந்திருக்கலாம், அடியோடு காலியாகவும் இருக்கலாம்.

அளவை உறுதியாக அறிய ஒரு வழி உண்டு: இருப்பதை எடுத்து, வாக்கம் போட்டு, தயாரிப்பாளர் குறித்த எடையைத் தராசில் நிறுத்து ஏற்றுவது. இங்கே ஊகத்தின் இடத்தை நம்பத்தக்கவரின் சொல் எடுத்துக்கொள்கிறது. அது உரை அளவை. 1995 முடிவில் அமெரிக்காவில் ஆர்-12 உற்பத்தி நின்றபின் ஆர்-134ஏ-க்கு மாற்றிய வண்டிகளில் அந்தச் சொல்லும் அப்படியே செல்லாது. பழைய எடையில் 80 சதவீத அளவில் தொடங்கி, சிறிது சிறிதாக ஏற்றி, இரு முள்ளையும் வென்ட்டில் வரும் காற்றின் குளிர்ச்சியையும் சேர்த்துப் பார்த்தே நிறுத்த வேண்டிய இடம் முடிவாகிறது.