ஓய்வு யாருக்கு உரியது?

பாடசாலை விளையாட்டுப் போட்டிகள் கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக நடைபெறுகின்றன. பெரிய போட்டிகள் ஒரே நாளில் முடிவதில்லை. முதல் நாள் தெரிவு ஓட்டம், மறுநாள் இறுதி ஓட்டம் என்று வைப்பார்கள். முதல் நாள் வென்றுவிட்டு மாலையில் லயத்துக்குத் திரும்பும் பிள்ளை, அன்றிரவு என்ன செய்யவேண்டும்? தண்ணீர்க் குடத்தைத் தூக்கவேண்டுமா, விறகு பொறுக்கவேண்டுமா, அல்லது படுத்துறங்கவேண்டுமா? கேள்வி சிறியதுதான். ஆனால் அதற்கு நாம் சொல்லும் விடை, மனிதனைப் பற்றி நாம் என்ன எண்ணியிருக்கிறோம் என்பதைக் காட்டிவிடும்.

சப்ரகமுவ மண்ணிலேயே இதற்கு உதாரணம் உண்டு. கேகாலை மாவட்டத்தில், வறக்காப்பொலைப் பகுதியில் பிறந்த சுசந்திகா ஜயசிங்க, 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கில் 200 மீற்றர் ஓடினார். செப்டெம்பர் 27ஆம் திகதி இரண்டு ஓட்டங்கள். 28ஆம் திகதி அரையிறுதியும் இறுதியுமாக மேலும் இரண்டு. இறுதி ஓட்டத்தை 22.28 செக்கனில் முடித்து மூன்றாம் இடம் பெற்றார். அதில் முதலாவதாக வந்தவர் ஊக்கமருந்து பாவித்ததை 2007இல் ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்தபின், சுசந்திகாவின் வெண்கலம் வெள்ளியாக உயர்ந்தது. நாம் அந்த 22 செக்கனைத்தான் நினைவில் வைத்திருக்கிறோம். இரண்டு நாட்களுக்கும் இடையில் இருந்த இரவைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

பயிற்சியால் உடல் பலப்படுகிறது என்று சொல்லுகிறோம். சரியாகச் சொன்னால், பயிற்சி உடலைக் களைக்கச் செய்கிறது. பின்னர் வரும் ஓய்வில்தான் அது பலப்படுகிறது. கடுமையாக ஓடும்போது தசைகளில் நுண்ணிய காயங்கள் ஏற்படுகின்றன. நீண்ட ஓட்டங்களில் தசைகள் சேமித்து வைத்த மாச்சத்தும் வெகுவாகச் செலவாகிவிடுகிறது. அதை மறுபடி நிரப்ப ஏறத்தாழ ஒரு நாள் செல்லும். ஆகவே, அடுத்தடுத்த நாட்களில் ஓடவேண்டிய பிள்ளை, ஓடி முடித்ததும் சட்டென்று உட்காராமல் சிறிது நேரம் மெல்ல நடக்கவேண்டும். தாமதிக்காமல் சோறோ ரொட்டியோ கிழங்கோ உண்ணவேண்டும். போதிய தண்ணீர் குடித்து, நேரத்தோடு நித்திரைக்குப் போகவேண்டும். போட்டிக்கு முந்திய வாரங்களில் கடினமான பயிற்சிக்கு மறுநாள் இலேசான பயிற்சி இருக்கவேண்டும். இடையிடையே இரண்டு நாட்கள் தொடர்ந்து ஓடிப் பழகுவதும் நல்லது. கடைசி வாரத்தில் பயிற்சியைக் குறைத்துவிடவேண்டும்.

தோட்டத்து மக்களுக்கு இது புதிய பாடமல்ல. றப்பர் மரத்தை ஒருநாள் விட்டு ஒருநாள் வெட்டுவது நீண்டகால வழக்கம். ஓய்வின்றி வெட்டிக்கொண்டேயிருந்தால் பட்டை காய்ந்து பால் நின்றுவிடும். ஆனால் பால் வெட்டுகிறவரின் நிலை என்ன? இன்று இந்த மலை, நாளை அடுத்த மலை. மரத்துக்கு ஓய்வு உண்டு. கத்தி பிடித்த கைக்கு இல்லை.

இங்கேதான் நாம் சிந்திக்கவேண்டிய கேள்வி எழுகிறது. மரத்துக்கு ஓய்வு கொடுப்பது நாளைய பாலுக்காக. ஓடும் பிள்ளைக்கு ஓய்வு கொடுப்பது நாளைய பதக்கத்துக்காக. இது விவேகம், இதில் குற்றமில்லை. ஆனால் ஓய்வுக்கு இது ஒன்றே காரணம் என்றால், தெரிவு ஓட்டத்திலேயே தோற்றுவிட்ட பிள்ளைக்கு ஓய்வு எதற்கு? நோயாளிக்கு, கொழுந்து பறிக்க முடியாமல் வீட்டிலிருக்கும் பாட்டிக்கு ஓய்வு எதற்கு? பயன் தருபவருக்கே ஓய்வு என்ற கணக்கு, மனிதனையும் மரத்தையும் ஒரே ஏட்டில் பதிந்துவிடுகிறது.

மறைநூல் வேறு கணக்கைச் சொல்லுகிறது. இணைச்சட்ட நூலில் ஓய்வு நாள் கட்டளை வீட்டுத் தலைவனுக்கு மட்டும் தரப்படவில்லை. வேலைக்காரனும் வேலைக்காரியும், அந்நியனும், மாடும் கழுதையும்கூட அன்று இளைப்பாறவேண்டும். மறுநாள் நன்றாக வேலை செய்வதற்காக என்று அங்கே காரணம் கூறப்படவில்லை. நீங்கள் எகிப்தில் அடிமைகளாய் இருந்தீர்கள், அதை மறவாதீர்கள் என்பதே காரணம். எலியா இறைவாக்கினரையும் நினைத்துப் பாருங்கள். உயிருக்கு அஞ்சி ஓடி, சாவை விரும்பி, ஒரு செடியின் அடியில் விழுந்து கிடந்தவர் அவர். இறைவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தூங்கவிட்டார்; அப்பமும் தண்ணீரும் கொடுத்தார்; மீண்டும் தூங்கவிட்டு, மீண்டும் உணவளித்தார். நாற்பது நாள் பயணம் அதற்குப் பிறகுதான். அந்த ஓய்வு வெற்றிபெற்றவருக்கு அளித்த பரிசன்று. சோர்ந்துபோனவருக்குக் கிடைத்த இரக்கம். திருத்தந்தை பதின்மூன்றாம் சிங்கராயர் 1891இல் எழுதிய தொழிலாளர் சுற்றுமடலில் ஞாயிறு ஓய்வைத் தொழிலாளரின் உரிமையாக வற்புறுத்தியதும் இந்த அடிப்படையில்தான்.

1924இல் பாரிஸ் ஒலிம்பிக்கில் எரிக் லிடெல் என்ற ஸ்கொட்லாந்து வீரர், 100 மீற்றர் தெரிவு ஓட்டம் ஞாயிற்றுக்கிழமை என்பதால் அதில் ஓட மறுத்தார். அந்த வாரம் செவ்வாய் முதல் வெள்ளி வரை நான்கு நாட்கள் தொடர்ந்து ஓடி, 200 மீற்றரில் வெண்கலமும், 400 மீற்றரை 47.6 செக்கனில் ஓடித் தங்கமும் வென்றார். ஞாயிறு ஓய்வுக்குக் கிடைத்த கூலி தங்கம் என்று இதைச் சொல்லிவிடக்கூடாது. அவர் எல்லா ஓட்டங்களிலும் தோற்றிருந்தாலும் அந்த ஞாயிறு வீணாகியிராது.

‘ஓய்வு, ஓய்வு என்று பிள்ளைகளைச் சோம்பேறிகளாக்குவதா?’ என்று சில பெற்றோர் கேட்கலாம். சோம்பல் வேறு, ஓய்வு வேறு. சோம்பேறி தன் சுமையை மற்றவர் தலையில் ஏற்றிவிடுகிறான். ஓய்வெடுப்பவன் சுமந்து முடித்ததை இறக்கி வைக்கிறான். ஆகவே நம் ஓய்வைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. நான் ஓய்வெடுக்கும்போது என் வேலை யார் தோளில் விழுகிறது?

மகள் நாளை ஓடவேண்டும் என்று இன்று அவள் குடத்தைத் தாய் தூக்கினால், அந்த வீட்டில் ஓய்வு பிறக்கவில்லை. களைப்பு கைமாறியிருக்கிறது, அவ்வளவுதான். பிரட்டுக்கு முன்னே எழுந்து, சமைத்து, மலையேறிக் கொழுந்து பறித்து, மாலையில் மறுபடி அடுப்படிக்கு வருகிற அந்தத் தாய், பல ஆண்டுகளாக அடுத்தடுத்த நாட்களில் ஓடிக்கொண்டே இருக்கிறாள். அவளுக்குப் பதக்கமும் இல்லை, இடையில் ஓர் இளைப்பாறும் நாளும் இல்லை. வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய பேரும் இல்லை, சம்பளமும் இல்லை என்பது உண்மை. அதை மாற்றத் தோட்ட நிர்வாகங்களும் தொழிற்சங்கங்களும் அரசும் கடமைப்பட்டுள்ளன. ஆனால் அவள் வீட்டுக்குள் நுழைந்தபின் தொடங்கும் வேலையை மாற்ற எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. தகப்பனும் ஆண்பிள்ளைகளும் குடத்தை எடுத்தால் போதும்.

அடுத்த போட்டிக் காலத்தில், ஓடிக் களைத்து வரும் மகளைப் படுக்கச் சொல்லுங்கள். அவளுக்குப் பக்கத்தில் தாயையும் உட்கார வையுங்கள். தோற்று வந்தாலும் அப்படியே செய்யுங்கள்.