எங்க எறங்கணும்?

மயிலாப்பூரில் ஒரு சின்ன ஹால். பேருந்துகளில் சக்கர நாற்காலி ஏறுவது பற்றிய கூட்டம். ஆப் ஏதாவது செய்து தர முடியுமா என்று நண்பன் கேட்டதால் போயிருந்தேன். பெருமூளை வாதம் உள்ள ஒருவர் பேச ஆரம்பித்தார். ஒவ்வொரு சொல்லும் இழுபட்டுத்தான் வந்தது.

"பஸ்ல ஏறுறது..."

நான் முந்திக்கொண்டேன். "கஷ்டமா இருக்கு, அதானே சார்?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். "பஸ்ல ஏறுறதக்கூட... சமாளிச்சிடுவேன். கண்டக்டர்... எங்க எறங்கணும்னு... அம்மாகிட்ட கேக்குறார். என்கிட்ட... கேக்கறதில்ல."

எனக்கு முகம் சுட்டது. அந்தக் கண்டக்டர் செய்ததைத்தான் நானும் செய்திருந்தேன்.

கோட்டூர்புரத்தில் இருக்கும் வித்யாசாகரை 1985இல் தொடங்கிய பூனம் நடராஜன், பெருமூளை வாதம் உள்ள மகனின் அம்மா. அங்கே மாற்றுத்திறனாளிகளுக்கான சட்டப் பிரிவில் வேலை பார்த்தவர் ராஜீவ் ராஜன். அவருக்கும் பெருமூளை வாதம். 2007இல் சென்னையிலிருந்து டெல்லி போகக் கிளம்பியவரை, துணைக்கு ஆள் இல்லை என்று ஒரு தனியார் விமான நிறுவனம் ஏற்ற மறுத்தது. சட்டம் சொல்லித்தருகிறவருக்கே அந்த நிலை. 2012இல் கொல்கத்தாவின் ஜீஜா கோஷை, ஏறி உட்கார்ந்த பிறகு இறக்கிவிட்டார்கள். அவர் வழக்குப் போட்டார். 2016இல் உச்ச நீதிமன்றம் பத்து லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது.

தன் சட்டைப் பட்டனைத் தானே போட முடியாதவர் எப்படித் தலைவராக முடியும்? யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, ஆனால் பலருக்குள்ளும் இருக்கிற கேள்வி. கையால் செய்வதும் முடிவெடுப்பதும் நமக்கு ஒன்றாகிவிட்டன. நான் எழுதும் கோடில் முக்கால்வாசி யாரோ எழுதிய லைப்ரரி. அதற்காக என்னை யாரும் சார்ந்திருப்பவன் என்று சொன்னதில்லை.

உண்மையான சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. ஒருவரின் பேச்சு அவர் அம்மாவுக்கு மட்டும்தான் புரிகிறது என்றால், அம்மா சொல்வதில் எது மகனுடையது? சந்தேகப்பட்டால் அவர் குரல் போய்விடும். கண்ணை மூடி நம்பினாலும் போய்விடலாம். இங்கே பள்ளிகளையும் அமைப்புகளையும் கட்டியதில் பெற்றோர்களுக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்களைப் பார்த்தே "கொஞ்சம் தள்ளி உக்காருங்க, நான் பேசறேன்" என்று பிள்ளைகள் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைக் கேட்கும் அம்மாவுக்கும் வலிக்கும்தானே. இதற்கு என்னிடம் சுலபமான பதில் இல்லை.

2025 ஏப்ரலில், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் மசோதாக்கள் சட்டமன்றத்தில் நிறைவேறின. தமிழ்நாட்டில் கிராம ஊராட்சிகள் மட்டுமே பன்னிரண்டாயிரத்துக்கு மேல். நியமனம் என்றால் யாருடைய ஆள் என்ற சந்தேகம் எனக்கும் வரும். ஆனால் மேடைக்குப் படிக்கட்டு மட்டும் கட்டிவைத்துவிட்டு, தேர்தலில் ஜெயித்து வா என்று எந்த வாயால் சொல்வது?

என் கவலை அங்கே நடக்கப்போகும் கூட்டங்களைப் பற்றித்தான். ஒரு வாக்கியம் முடிய ஒரு நிமிடம் ஆகும்போது தலைவர் கடிகாரத்தைப் பார்ப்பாரா? அன்று மயிலாப்பூரில் பார்த்தது நான்தான்.

கிளம்பும்போது அவரிடம், ஆப்பில் என்னென்ன வேண்டும் என்று கேட்டேன். இந்த முறை காத்திருந்தேன்.

"ஆப் அப்புறம். அடுத்த கூட்டத்துக்கு... ஹால... இன்னும் ஒரு மணி நேரம்... சேத்து எடுங்க."