துணிந்து கேட்ட முல்லர்



1836-ஆம் ஆண்டு பிப்ரவரி 3-ஆம் தேதி. இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஒரு போதகர் காத்திருந்தார். தாய் தகப்பன் இல்லாத பிள்ளைகளுக்கு ஓர் இல்லம் தொடங்கப் போகிறோம், சேர்க்க விரும்புகிறவர்கள் இன்று வந்து விண்ணப்பிக்கலாம் என்று முன்பே அறிவித்திருந்தார். ஒருவர்கூட வரவில்லை. மனம் சோர்ந்து வீடு திரும்பும்போதுதான் அவருக்கு உறைத்தது. வீட்டுக்காக ஜெபித்திருந்தார், பணத்துக்காக ஜெபித்திருந்தார், வேலை செய்ய ஆட்கள் வேண்டும் என்றும் ஜெபித்திருந்தார். பிள்ளைகளை அனுப்பும்படி மட்டும் ஒருநாளும் கேட்கவில்லை. ஊரில் அநாதைப் பிள்ளைகளுக்கா பஞ்சம் என்று நினைத்துவிட்டார். அன்று மாலை முழங்காலில் நின்று அதையும் கேட்டார். மறுநாளே முதல் விண்ணப்பம் வந்தது. ஏப்ரல் மாதம் வில்சன் தெருவில் ஒரு வாடகை வீட்டில் இல்லம் திறந்தது.

அந்தப் போதகர்தான் ஜார்ஜ் முல்லர். 1805-ல் பிரஷ்யாவில் பிறந்தவர். ஹாலே பல்கலைக்கழகத்தில் படித்தபோது, பிராங்கே என்ற பக்தர் அந்த ஊரில் கட்டியிருந்த அநாதை இல்லத்தில் சில காலம் தங்கியவர். அதே பிராங்கேயிடம் பயின்ற சீகன்பால்குதான் 1706-ல் நம் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். பல வருடங்களுக்குப் பிறகு பிராங்கேயின் வாழ்க்கை வரலாற்றைப் படித்தபோதே, பிரிஸ்டலிலும் இப்படி ஓர் இல்லம் வேண்டும் என்ற பாரம் முல்லருக்கு உண்டாயிற்று.

தேவை இன்னதென்று எந்த மனிதரிடமும் சொல்லுவதில்லை, கடன் வாங்குவதில்லை, கர்த்தரிடம் மட்டுமே கேட்பது. இதுதான் அவர் வைத்துக்கொண்ட விதி. இதைச் சொல்வது எளிது. 1841 டிசம்பரில் கையில் பணமே இல்லாத நேரம். வருடாந்தர அறிக்கையை வெளியிட வேண்டிய மாதமும் அதுவே. அறிக்கை வெளிவந்தால் வாசிக்கிறவர்கள் நிலைமையைப் புரிந்துகொண்டு காணிக்கை அனுப்புவார்கள். முல்லர் அந்த அறிக்கையைத் தள்ளிப் போட்டார். மறைமுகமாகக்கூட மனிதரிடம் கேட்டதாகிவிடக் கூடாது என்று நினைத்தார். பிள்ளைகளுக்கு அடுத்த வேளைச் சாப்பாடு எங்கிருந்து வரும் என்று தெரியாத நாட்களில் எடுத்த முடிவு அது. அந்த மாதங்களையும் பிள்ளைகள் பசியில்லாமல் கடந்தார்கள். வந்த ஒவ்வொரு காசுக்கும் அவர் கணக்கு எழுதி வைத்தார். 1870-க்குள் பிரிஸ்டலின் ஆஷ்லி டவுன் மேட்டில் ஐந்து பெரிய கட்டடங்கள் எழும்பின. ஒரே சமயத்தில் 2,000-க்கும் மேற்பட்ட பிள்ளைகள் அங்கே வளர்ந்தார்கள்.

நம் சபைகளில் முல்லரைப் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இந்த இடத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். கேட்டார், கிடைத்தது, ஸ்தோத்திரம் என்று முடித்துவிடுகிறார்கள். அவருடைய வீட்டுக்குள் நடந்ததையும் நாம் பார்க்க வேண்டும்.

1835 ஜூன் மாதம் அவருடைய மகன் எலியா இறந்தான். குழந்தைக்கு ஒன்றேகால் வயது. தன் பிள்ளையை அடக்கம் செய்த அதே வருடத்தின் கடைசியில்தான், ஊரார் பிள்ளைகளுக்கு இல்லம் கட்ட முல்லர் ஜெபிக்கத் தொடங்கினார். 1853-ல் மகள் லிதியா கடுங்காய்ச்சலில் விழுந்தாள். பிழைப்பாள் என்ற நம்பிக்கையே இல்லாத நிலை. தகப்பனும் தாயும் ஜெபித்தார்கள். லிதியா எழுந்தாள். 1870 பிப்ரவரியில் மனைவி மேரி படுக்கையில் விழுந்தார். அதே தேவனிடம் அதே முல்லர்தான் மன்றாடினார். பிப்ரவரி 6-ஆம் தேதி மேரி கண்மூடினார்.

மேரியின் நினைவுப் பிரசங்கத்தை முல்லரே செய்தார். எடுத்துக்கொண்ட வசனம் சங்கீதம் 119:68. கர்த்தர் நல்லவர், அவர் நன்மையே செய்கிறவர் என்று அறிக்கையிடும் வசனம். மேரியை எனக்குத் தந்தபோது அவர் நல்லவராயிருந்தார் என்றார். 39 வருடம் 4 மாதம் அவளை என்னோடு விட்டுவைத்தபோதும் நல்லவராயிருந்தார் என்றார். இப்போது அவளை எடுத்துக்கொண்டதிலும் அவர் நல்லவர்தான் என்றார்.

அந்த மூன்றாவது வார்த்தையைத்தான் நான் துணிவு என்கிறேன். ஆஷ்லி டவுன் கட்டடங்களைவிட அது எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. ஜெபத்துக்குக் கிடைக்கும் பதிலை வைத்துத் தேவனுடைய குணத்தை அளக்கிறவன், பதில் வராத அன்று அவரை விட்டுப் போய்விடுவான். முல்லர் அப்படி அளக்கவில்லை. சொந்தக் குமாரனையே நமக்காகத் தந்தவர் நல்லவர் என்பது கல்வாரியில் தீர்ந்துபோன காரியம் என்று நம்பினார். நம்பியதால்தான் கூசாமல் கேட்டார், கேட்டது மறுக்கப்பட்ட பிறகும் மறுபடி கேட்டார். கெத்செமனேயில் நம் ஆண்டவரும் அந்தப் பாத்திரம் நீங்கும்படி கேட்டவர்தானே. வியர்வை இரத்தத் துளிகளைப் போல விழும் அளவுக்குக் கேட்டார். பிறகு பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தார். அவருடைய விசுவாசத்தில் குறை என்று நம்மில் யாராவது சொல்லத் துணிவோமா?

ஆனால் கேட்டது கிடைக்காதவர்களுக்கு விசுவாசம் குறைவு என்ற பேச்சு நம் நடுவில் இருக்கிறது. சாட்சி சொல்லும் நேரத்தில் சுகமானவர்களையே எழுந்து நிற்கச் சொல்லுகிறோம். பிள்ளையைப் பறிகொடுத்த தாய் பின்வரிசையில் தலை குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். உபவாசம் போதவில்லையோ, ஏதாவது மறைவான பாவமோ என்று அவள் காதுபடவே பேசுகிறார்கள். இது கொடுமை, வேதம் சொல்லாத உபதேசம். சுகத்தைக் கண்டு துதிக்கிறவருடைய விசுவாசத்துக்கு, கல்லறைக்குப் போய் வந்த பிறகும் ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்கு வருகிற அந்தத் தாயின் விசுவாசம் எந்த விதத்திலும் குறைந்ததல்ல.

நேயர்களே, இன்று உங்கள் ஜெபத்தைச் சுருக்கிக்கொள்ளாதீர்கள். கேட்டால் ஏமாந்துவிடுவோமோ என்ற பயத்தில், சின்னச் சின்ன காரியங்களோடு நிறுத்திவிடாதீர்கள். மகனுடைய குடிப்பழக்கம் தீரக் கேளுங்கள், பேச்சு நின்றுபோன அண்ணன் தம்பி ஒன்றுசேரக் கேளுங்கள், நோயாளியின் சுகத்துக்காக வாய்திறந்து கேளுங்கள். கேட்டும் கிடைக்காமல் வாடுகிற ஒருவர் உங்கள் தெருவிலோ சபையிலோ இருப்பார். இன்று அவர் வீட்டுக்குப் போங்கள். காரணம் சொல்ல வேண்டாம், புத்தி சொல்லவும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து இன்னொரு முறை ஜெபியுங்கள்.