யார் தலையில் அந்த 15 வெள்ளி?

செகிஞ்சானில் ஒரு மீன்பிடிப் படகின் இன்ஜின் இனி ஓடாது என்றானாலும், கோல சிலாங்கூர்ப் பக்கத்துத் தோட்டத்தில் லயத்து வீட்டின் தகரக் கூரையைப் பிரித்தாலும், எல்லாம் போய்ச் சேருவது பழைய இரும்புக் கடைக்குத்தான். அங்கே கிலோவுக்கு என்ன விலை என்பதில் அரசுக்கும் கை உண்டு. இரும்புக் கழிவை ஏற்றுமதி செய்ய மலேசியா 15 விழுக்காடு வரி கேட்கிறது.

கழிவை உள்ளூர் ஆலைகளுக்கே விட்டுவைக்கும் நோக்கத்தில் குறை சொல்ல முடியாது. பழைய இரும்பை மின்சார உலையில் உருக்கினால், தாதுவிலிருந்து எஃகு எடுப்பதைவிடப் புகையும் குறைவு, எரிபொருளும் குறைவு. அலுமினியத்தில் ஏறக்குறைய 95 விழுக்காடு ஆற்றல் மிச்சம். தாராள வணிகம் பேசும் ஐரோப்பிய ஒன்றியமே, தன் அலுமினியக் கழிவு வெளியே போவதைக் கட்டுப்படுத்தப்போவதாக 2025இல் அறிவித்தது.

ஆனால் கணக்கைக் கொஞ்சம் போட்டுப் பார்க்க வேண்டும். வெளிநாட்டான் 100 வெள்ளி கொடுக்கும் சரக்குக்கு வரி போக 85தான் கைக்கு வரும். அப்படியானால் உள்ளூர் ஆலை 86 கொடுத்தாலே சரக்கு அதன் வாசலில் இறங்கிவிடும். ஆலைக்கு மிச்சமாகும் 14 வெள்ளியை விட்டுக்கொடுத்தது யார்? பெரிய வியாபாரி தன் லாபத்தைக் குறைத்துக்கொள்வது அரிது. அவர் லாரிக்காரரிடம் குறைப்பார், லாரிக்காரர் வீட்டு வாசலில் நிற்கும் கிழவியிடம் குறைப்பார். நாட்டு நலனுக்காகப் பணம் கட்டிய விஷயம் அந்தக் கிழவிக்கே தெரியாது, ரசீதும் கிடையாது.

இதைக் காட்டிக் கள்ளக் கடத்தலை நியாயப்படுத்துகிறவர்கள் உண்டு. அது எடுபடாது. 2025 ஜூலையில் ஐந்து மாநிலங்களில் ‘ஓப் மெட்டல்’ சோதனை நடத்திய ஊழல் தடுப்பு ஆணையம், கடத்தலால் ஆறு ஆண்டுகளில் சுமார் 95 கோடி வெள்ளி வரி இழப்பு என்று மதிப்பிட்டது. சரக்கின் பெயரை மாற்றி எழுதிக் கப்பலேற்றியவர்கள் அந்தப் பணத்தில் கிழவிக்குக் கிலோவுக்கு ஐந்து காசு கூட்டிக் கொடுத்திருப்பார்களா என்ன?

ஆக, வரி இருக்கட்டும். அதன் பாரம் இறங்கும் இடம்தான் தவறு. அதைச் சுமப்பவர்களில் ஒருவர் பழைய இரும்பு சேகரிப்பவர்; தகரம் அவர் கையைக் கிழிப்பது சாதாரணம். சுயதொழில் செய்வோருக்கென 2017இல் வந்த சட்டத்தின்கீழ் சொக்சோ எனும் சமூகப் பாதுகாப்பு அமைப்பின் காப்பு இருக்கிறது; சட்டப்படி அதற்குச் சந்தா கட்ட வேண்டியவர் அவரேதான். ஏற்றுமதி வரியாக வசூலாகும் பணத்தில் ஒரு பங்கை அந்தச் சந்தாவுக்குத் திருப்பலாம். மலிவு இரும்பு வாங்கும் ஆலைகளும் அதில் பங்கு போடலாம். ஆலைக்காரர்களிடம் பணம் கேட்டால் மறுப்பார்கள்தான். இவ்வளவு நாள் கிழவியிடம் யாரும் கேட்கவே இல்லையே.