குற்றம் என்னுடையது

திருமலை ஏறும் அன்பர்களுள் பலர் ஏழுமலையானிடம் கொண்டு செல்வது பிறரைப் பற்றிய முறையீடுகளையே. கூட்டாளி ஏமாற்றிவிட்டான், மேலதிகாரி வஞ்சித்துவிட்டார், மகன் சொல் கேட்பதில்லை. அதே வேங்கடவனிடம் திருமங்கையாழ்வார் வைத்த முறையீடு வேறு வகையானது. பெரிய திருமொழியின் முதற்பத்தில், ஒன்பதாம் திருமொழியில், தம் குற்றங்களைத் தாமே எண்ணிச் சொல்கிறார்: மையலில் வீழ்ந்தது, உயிர்களைக் கொன்றது, இரந்தவரிடம் இன்சொல் கூடப் பேசாதது. பழியைப் பிறர்மேல் ஏற்றும் எண்ணமே அதில் இல்லை. தன் தாழ்வைத் தானே எண்ணி உரைக்கும் இதனை வைணவப் பெரியோர் நைச்சியானுசந்தானம் என்பர்.

இத்தகைய மனநிலை ஆழ்வார்களுக்கு மட்டுமே கூடும் என்று ஒதுங்கிவிட வேண்டியதில்லை. வங்கக் கடலோரத்து ஸ்ரீஹரிகோட்டா, 2022-இல் ஆந்திர மாவட்டங்கள் சீரமைக்கப்பட்டதிலிருந்து, திருப்பதி மாவட்டத்தைச் சேர்ந்தது. ராக்கெட்டை ஏவுமுன் விஞ்ஞானிகள் அதன் சிறு மாதிரியைத் திருமலைக்கு எடுத்துச் சென்று வழிபடுவதை நாளிதழ்களில் காண்கிறோம். விஞ்ஞானிகளுக்கு இது தகுமா என்ற விவாதமும் கூடவே எழும். நமக்கு அவ்விவாதத்தைவிடப் பயன் தருவது அத்தீவில் நிகழ்ந்த வேறொன்று.

1979, ஆகஸ்ட் 10. எஸ்.எல்.வி.-3 ராக்கெட்டின் முதற்பயணம். ஏவிய 317 வினாடிகளில் அது கடலில் வீழ்ந்தது. அன்று பத்திரிகையாளர்களை எதிர்கொண்டு தோல்வியைத் தம் தோளில் ஏற்றவர் இஸ்ரோ தலைவர் பேராசிரியர் சதீஷ் தவான். இதனை அப்துல் கலாம் பல மேடைகளில் கூறியிருக்கிறார், பலரும் அறிவர். ஆயினும் அதன்பின் ஆய்வுக் கூட்டத்தில் கலாம் செய்ததை நாம் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

இரண்டாம் அடுக்கின் கட்டுப்பாட்டு அமைப்பில் ஒரு வால்வு தூசியால் சிக்கி, நைட்ரிக் அமிலம் கசிந்திருந்தது. ஏவுவதற்குச் சற்று முன்னரே கசிவு தெரிந்தும், எஞ்சியிருப்பது போதும் என்று வல்லுநர்கள் கருதினர்; திட்ட இயக்குநர் கலாமும் ஒப்பினார். ஆய்வுக் கூட்டத்தில் தோல்வியின் காரணம் தெளிவாக விளக்கப்பட்டது. ‘வல்லுநர்கள் சொன்னார்கள், கேட்டேன்’ என்று அவர் கூறியிருந்தால் அது பொய்யாகியிருக்காது. இங்கேதான் நாம் இடறுகிறோம். பிறர்மேல் நாம் சுமத்தும் பழி பெரும்பாலும் முழுப்பொய் அன்று, பாதி மெய். அந்தப் பாதி மெய்யின் நிழலில் நம் பங்கு மறைந்துகொள்கிறது.

கலாம் எழுந்தார். கசிவை அற்பமென்று மதிப்பிட்டதற்குத் தாமே பொறுப்பு என்றும், ஏவுதலைத் தாம் நிறுத்தியிருக்க வேண்டும் என்றும் கூறினார். ‘அக்கினிச் சிறகுகள்’ நூலில் இதனைப் பதிவும் செய்திருக்கிறார். ‘பாவியேன்’ என்று பொதுப்படப் புலம்புவது எளிது. அதில் எந்தக் குற்றமும் பெயர் பெறுவதில்லை. எந்தக் கணத்தில், எந்த முடிவில் பிழைத்தோம் என்று சுட்டுவது கடினம். ஆழ்வார் சந்நிதியில் பெயரிட்டுச் சொன்னார். கலாம் சக பொறியாளர்கள் நடுவே சொன்னார்.

இன்னொன்றும் உண்டு. தவற்றை ஒப்புக்கொள்பவனை உடனே நசுக்கிவிடும் வீட்டிலும் அலுவலகத்திலும் எவர்தாம் வாய் திறப்பர்? உடைந்த பாத்திரத்திற்குப் பூனையைக் காரணம் காட்டும் பிள்ளையைப் பெற்றோரின் சினமே பல வேளை உருவாக்குகிறது. தவான் கலாமைப் பதவியிலிருந்து நீக்கவில்லை. கலாமையே சுற்றுப்பாதையில் ஏற்றப் போவதாகச் சொல்லிவிட்டுக் கூட்டத்தை விட்டு வெளியேறினார்.

1980, ஜூலை 18 அன்று எஸ்.எல்.வி.-3 மீண்டும் எழுந்து, 35 கிலோ எடையுள்ள ரோகிணியைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்றும் பத்திரிகையாளர்கள் காத்திருந்தனர். தவான் தாம் பேசாமல், கலாமைப் பேசச் சொன்னார்.